அக்காவுக்கு, துரானிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். மாமாவுக்குச் சர்க்கரை குறைந்ததா? மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயம் குடிக்கிற வேலையெல்லாம் வேண்டாம் என்று சொல்.

டிவியில் எக்வடோர் செய்தி பார்த்துவிட்டு, "அந்த டாலரும் வேணாம் ஒண்ணும் வேணாம், காசிமேட்டுல ஐஸ் பிளாண்டே இல்லையா" என்று போனில் அழுதாய். டிவிக்காரன் பொய் சொல்லவில்லை. 2024 ஜனவரி 9 அன்று குவயாகில் நகரத்தில் ஒரு டிவி நிலையத்துக்குள்ளேயே போதைக் கும்பல்காரர்கள் துப்பாக்கியோடு புகுந்து, நேரலை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆட்களை மண்டியிட வைத்தார்கள். அது ஆற்றுக்கு அந்தக் கரை. நான் இருக்கும் துரான் இந்தக் கரை. இங்கே ரகளை இன்னும் அதிகம். உன்னிடம் ஒளித்து என்ன ஆகப்போகிறது?

வடக்கே கொலம்பியா, தெற்கே பெரு. கொக்கெய்ன் என்கிற போதைப் பொடி செய்கிற கோக்கா இலை உலகத்திலேயே அதிகம் விளைவது அந்த இரண்டு நாட்டில்தான். நடுவில் இந்த நாடு. பெரிய துறைமுகம், ஐரோப்பாவுக்கு ஓயாமல் போகிற வாழைப்பழக் கண்டெய்னர்கள். சரக்கை அதற்குள் செருகிவிட்டால் போதும். பணம் மாற்றுகிற தொல்லைகூட இல்லை. 2000-லிருந்து இங்கே புழங்குவதே அமெரிக்க டாலர்தான்.

என் வேலை தெரியுமே, இறால் கம்பெனியில் அம்மோனியா கம்ப்ரசர். நம்ம மார்க்கெட்டில் விற்கிற வனாமி இறாலுக்குப் பூர்வீகம் இந்தக் கடற்கரைதான். 2009-லதான் நம்ம ஊருக்கு வந்தது. ஜனவரி முதல் மே வரை மழையும் புழுக்கமுமாகப் பிசுபிசுக்கும். சாப்பாட்டுக்குக் குறையில்லை. சூரை மீனும் மரவள்ளிக்கிழங்கும் போட்டு, மேலே வெங்காயம் குவித்து, காலையிலேயே ஒரு சூப் தருகிறார்கள். புளியும் மிளகாயும்தான் இல்லை.

கடிதமாக எழுதச் சொன்னவர் கீழ்வீட்டுப் பெரியவர். போன் யார் கைக்கும் போகுமாம். யார் பெயரையும் எழுதக் கூடாது என்பதும் அவர் உத்தரவு. ஓய்வு பெற்ற ராணுவ உளவாளி. பெருவோடு இவர்கள் 1995-ல் செனெப்பா ஆற்றோரம் சண்டை போட்டார்கள். அதற்கு முன்னால் எல்லைக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ரிப்பேர்காரராக உட்கார்ந்திருந்தவர். இப்பவும் தெருவில் எல்லார் மெஷினுக்கும் எண்ணெய் போடுகிறார். 1998 சமாதானத்தில் சண்டை நடந்த இடத்தில் ஒரு சதுர கிலோமீட்டர் எக்வடோருக்குச் சொத்தாகக் கிடைத்தது, ஆனால் மண் பெரு நாட்டுடையது. பட்டா நமக்கு, ஊர் அவனுக்கு! இதைப் பேச ஆரம்பித்தால் அவருக்குச் சோறு இறங்காது.

எங்கள் கம்பெனியில் இறால் உரிக்கிற ஒரு பெண்ணும் அவள் மகனும் எதிர்வீடு. பையனுக்குப் பதினொரு வயது. அப்பா மீனவர். கடத்தல்காரர்களின் வேகப் படகுக்கு நடுக்கடலில் எரிபொருள் கொடுக்கக் கூலிக்குப் போனவர் திரும்பவில்லை. உடம்பும் வரவில்லை. கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பது எப்படியென்று காசிமேட்டுக்காரிக்கு நான் சொல்ல வேண்டுமா.

ஒருநாள் பையன் காலில் புது ஷூ. அம்மா கவனிக்கவில்லை, நானும் பார்க்கவில்லை. பெரியவர் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. முடிவெட்டும் கடை வாசலில் பேப்பரோடு உட்கார்ந்து, எந்த பைக் எத்தனை மணிக்கு வருகிறது, யார் பையனோடு பேசுகிறான் என்று பார்த்தார். விஷயம் இதுதான்: கடத்தல் கும்பல்காரர்கள் பையன் கையில் ஒரு போன் கொடுத்து, தெருமுனையில் நின்று போலீஸ் வண்டி வந்தால் தகவல் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளைப் பிடிப்பதற்குக் காரணம், மாட்டினால் பெரியவர்களுக்குத் தருகிற தண்டனை கிடையாது. (நம்ம சின்னவன் காலையும் கொஞ்சம் பார், அக்கா.)

நான் போலீஸுக்குப் போகலாம் என்றேன். சிரித்தார். "பையனை ஒளித்தால் தேடுவார்கள். உபயோகமில்லாதவனாக ஆக்கிவிட்டால் விட்டுவிடுவார்கள்." தெருமுனையில் நிற்க வேண்டிய நேரத்தில் பையன் தினமும் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி வேறிடத்தில் இருக்க வேண்டும். அதற்கு ஒரு சாக்கு வேண்டும். அந்த இடத்தில்தான் உன் தம்பி உதவினான். கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் பிளைவுட் வாங்கி ஒரு கேரம் போர்டு செய்து, பெரியவர் வீட்டுத் திண்ணையில் போட்டேன். பவுடருக்குச் சோள மாவு. சுமாராக வழுக்கும். வடசென்னை ஆட்டோக்காரர் மகள் காசிமா 2024-ல் அமெரிக்காவில் போய் மூன்று தங்கம் அடித்த கதையைச் சொன்னேன். பையன் நம்பவில்லை, வீடியோ காட்டிய பிறகு விரல் வீங்குகிற வரை ஆடினான். பெரியவர் மோசமான ஆட்டக்காரர். அதைவிட மோசம், கள்ள ஆட்டம்.

கொஞ்ச நாள் எடுபட்டது. அப்புறம் ஷூவுக்கும் போனுக்கும் கணக்குக் கேட்டு ஒருவன் வந்தான். பெரியவர் எண்ணிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டான், ஆனால் மறுவாரம் அந்தம்மா வீட்டுக் கதவடியில் ஒரு சீட்டு. அதில் என்ன இருந்தது என்று உனக்கு எழுதப் போவதில்லை.

2025 ஜூன் 10 ராத்திரி லிமாவில் பெருவோடு உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். நாடே டிவி முன்னால். பெரியவர் அந்த நேரத்தைத்தான் குறித்து வைத்திருந்தார். பெருவோடு ஆட்டம் என்றால் உயிரைக் கொடுக்கிற மனுஷன்! ஆட்டம் தொடங்கியதும் மீன் வேனில் கிளம்பினோம். நான் ஓட்டினேன், பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் அம்மா, பிள்ளை, கேரம் போர்டு. நாலாயிரம் மீட்டருக்கு மேலே ஏறி இறங்குகிற மலைப்பாதை, எதிரே ஒன்றும் தெரியாத பனிமூட்டம், எனக்கு மண்டையிடி. ரேடியோவில் கோலே இல்லாமல் ஆட்டம் முடிந்தது. சமன் செய்ததே இவர்களுக்கு உலகக் கோப்பைக்குப் போதுமாம். பெரியவர் மட்டும் "பெருவை ஜெயிக்காமல் என்ன தகுதி" என்று ஊர் போய்ச் சேரும்வரை முணுமுணுத்தார்.

அங்கே அவருடைய தங்கை வீட்டில் இருவரும் இருக்கிறார்கள். ஊர் பெயர் எழுத மாட்டேன். பையன் பள்ளிக்கூடம் போகிறான், குளிர் தாங்கவில்லை என்று புலம்புகிறான். இங்கே எங்களை யாரும் இதுவரை எதுவும் கேட்கவில்லை. பெரியவர் இன்னமும் முடிவெட்டும் கடை வாசலில்தான் உட்காருகிறார்.

ஒப்பந்தம் முடியட்டும், வருகிறேன். நடுவில் விட்டுவிட்டு ஓடிவர மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. பையனுக்கு நல்ல கேரம் காய் ஒரு செட்டும் ஸ்ட்ரைக்கர் இரண்டும் வாங்கிப் பார்சல் போடு. போரிக் பவுடர் மட்டும் வைத்துவிடாதே, அக்கா. வெள்ளைப் பொடிப் பாக்கெட் இந்த ஊர் கஸ்டம்ஸில் வந்து இறங்கினால் உன் தம்பியைப் பெரியவராலும் மீட்க முடியாது.

இப்படிக்கு,
உன் தம்பி