மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத் தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். வராத உறுப்பினர்களுக்கும் இந்த அறிக்கையில் செய்தி உண்டு. பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுகிறேன்.

வழக்கமான நிகழ்ச்சிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பொங்கல் விழா நடந்தது. ரமலானில் நோன்பு திறக்கும் நிகழ்ச்சி நடந்தது, கஞ்சி போதவில்லை. தீபாவளி, கிறிஸ்துமஸ் வாழ்த்துக் கூட்டங்கள் நடந்தன. ரத்ததான முகாம் மழையால் தள்ளிப்போய்ப் பிறகு நடந்தது. எல்லாவற்றுக்கும் புகைப்படம் இருக்கிறது.

இனி இந்த ஆண்டு புதிதாகத் தொடங்கிய மாத வாசிப்பு. இதற்கு என்ன அவசியம் என்று செயற்குழுவிலேயே கேட்கப்பட்டதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இஸ்லாமிய நாகரிகத்துக்கும் பிற பண்பாடுகளுக்கும் இடையே உரையாடல் வளர்ப்பது என்று நம் விதிமுறைப் புத்தகத்தில் முதல் நோக்கமாக எழுதி வைத்திருக்கிறோம். இத்தனை வருஷத்தில் ஒருவர் வீட்டுப் பிரியாணியை இன்னொருவர் சாப்பிட்டோம், பலகாரத் தட்டு மாற்றிக்கொண்டோம். நல்லதுதான், நானும் சாப்பிட்டவன். ஆனால் ஒருவர் புத்தகத்தை இன்னொருவர் எடுத்துப் படித்ததில்லை. அதற்காகத்தான் இந்த வாசிப்பு.

முதலில் எடுத்தது ஆயிர மசலா, அதாவது ஆயிரம் கேள்விகள். வண்ணப் பரிமளப் புலவர் பாடி, 1572-இல் மதுரையில் அரங்கேறியது. முழுமையாகக் கிடைக்கும் தமிழ் இஸ்லாமிய இலக்கியங்களில் மூத்தது இதுதான். நூல் முழுக்கக் கேள்வியும் பதிலும். யூத அறிஞரான அப்துல்லாஹ் இப்னு சலாம் நபிகள் நாயகத்திடம் படைப்பு, சொர்க்கம், நரகம் என்று அடுக்கடுக்காகக் கேட்கிறார். அவர் கேட்கக் கேட்க நாயகம் பதில் சொல்கிறார். மூலம் அரபு. 12-ஆம் நூற்றாண்டிலேயே லத்தீனுக்குப் போய்விட்டது. பாரசீகம், மலாய், ஜாவா மொழிகளிலும் உண்டு. அப்படி ஊர் ஊராகச் சுற்றிய நூலுக்கு மதுரையிலும் இடம் கிடைத்திருக்கிறது. நம் ஊர்க் கூட்டத்துக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

அடுத்து நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாடும் உமறுப் புலவரின் சீறாப்புராணம். 5027 பாடல்கள், நாங்கள் தொடக்கத்தில் நாட்டை வருணிக்கும் நாட்டுப் படலத்தைத் தாண்டவில்லை. அரேபியாவில் மழை கொட்டுகிறது, ஆறு பெருகுகிறது, வயலில் நாற்று நடுகிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து, "பாலைவனத்தில் ஏதய்யா நெல்?" என்றார். பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர், "கம்பர் சரயுவில் விட்டது மட்டும் எந்த ஊர்த் தண்ணீர், சார்?" என்று திருப்பிக் கேட்டார். அப்புறம் கம்பராமாயணம் வந்தது, ஆற்றுப்படலம் வந்தது, வாட்ச்மேன் வந்து விளக்கை அணைக்கும்வரை பேச்சு நிற்கவில்லை. இந்த ஆண்டு நம் மன்றத்தில் உரையாடல் என்று ஒன்று நடந்ததென்றால் அன்று நடந்ததுதான். அன்று புகைப்படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் பற்றி ஒரு மாதம் பேசினோம். 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம், அதாவது ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைத்துப் பதில் சொல்லும் வித்தை, செய்தவர் என்பது பலருக்குத் தெரிந்திருந்தது. வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா (இறையருளால் வந்தவையா) மருட்பாவா (மயக்கத்தில் வந்தவையா) என்று சைவர்களுக்குள் நடந்த பெரிய சண்டையில் அவர் அருட்பா பக்கம் நின்று மேடை மேடையாகப் பேசியது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. நாகூரில் பிறந்து சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியான மு.மு. இஸ்மாயில், கம்பன் கழக மேடையில் கம்பனைப் பற்றி மணிக்கணக்கில் பேசியதையும் அப்போதே சேர்த்துச் சொன்னோம்.

எட்டயபுரம் பயணத்துக்கு வேனில் இடம் போதாத அளவுக்குப் பேர் கொடுத்தார்கள். பாரதி பிறந்த வீட்டில் எல்லோரும் இறங்கினார்கள். அதே ஊரில் இருக்கும் உமறுப் புலவர் அடக்கத்தலத்துக்குப் போகும்போது பாதிப் பேர் வேனிலேயே உட்கார்ந்துவிட்டார்கள், வெயிலாம். பாரதி கடையத்தில் இருந்த காலத்தில் பொட்டல்புதூருக்குப் போய் இஸ்லாம் மார்க்கத்தின் மகிமை பற்றிப் பேசியவர். அவருடைய 'ரயில்வே ஸ்தானம்' கதையில் ஒரு முஸ்லிம் இளைஞன் உடன்பிறந்த சகோதரிகள் மூவரை மணக்கிறான். சகோதரிகளை ஒரே காலத்தில் மணக்க மார்க்கத்தில் அனுமதியில்லை என்று முஸ்லிம் நண்பர் ஒருவர் சொன்னதும், பாரதி அதையும் கதையோடு எழுதிச் சேர்த்துவிட்டார். திரும்பி வரும்போது இதை வேனில் சொன்னேன். பலர் தூங்கிவிட்டார்கள்.

இரண்டு மூத்த உறுப்பினர்கள் இந்த வாசிப்பை ஆட்சேபித்தது பதிவுக்காகச் சொல்லப்பட வேண்டும். மார்க்க விஷயத்தை இப்படிப் பொதுவில் வைத்துப் பேசலாமா என்றார் ஒருவர். இது மதப் பிரசாரம் ஆகிவிடாதா என்றார் மற்றவர். இருவரும் ஒரு வாசிப்புக்கும் வந்ததில்லை. எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இருவரையும் ஒரே பக்கம் நிற்க வைத்ததை மன்றத்தின் சாதனைக் கணக்கில் சேர்க்கிறேன்.

சந்தாவுக்கு வருகிறேன். வருஷத்துக்கு 300 ரூபாய். டீக்கடையில் ஒரு மாதம் நிற்கும் பாக்கிகூட இதைவிட அதிகம் இருக்கும். நோன்புக் கஞ்சிக்கு முதல் வரிசையில் உட்கார்ந்த சிலர் மூன்று ஆண்டாகப் பாக்கி. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார், எனவே வாசிக்கவில்லை. பட்டியல் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. வரவு செலவை முறைப்படி பொருளாளர் சமர்ப்பிப்பார். சுருக்கமாகச் சொன்னால், கடன் பெரிதாக இல்லை, கையிருப்பும் பெரிதாக இல்லை. வாசிப்புக்கு அதிகம் செலவாகிவிட்டது என்ற பேச்சு சரியல்ல. டீயும் பிரதி எடுத்த செலவும்தான். மேடை, மைக், மாலை, சால்வைக்கு ஆனது எவ்வளவு என்று கணக்கு வாசிக்கும்போது கவனித்துக் கேட்கவும்.

இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், நாற்காலி தந்த ஜமாஅத்துக்கும், கோயில் கமிட்டிக்கும், தேவாலயப் பங்குத்தந்தைக்கும், கடைசிவரை விளக்கை அணைக்காமல் காத்திருந்த வாட்ச்மேனுக்கும் நன்றி.

வரும் ஆண்டு சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல்களை எடுக்கலாம் என்றிருக்கிறோம். நாகூருக்கும் ஒருமுறை போய்வர எண்ணம். அங்கே தர்காவின் 131 அடி உயரப் பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். சீறாப்புராணத்துக்கு நல்ல உரைப் பதிப்பு ஒன்றும், அதை வைக்கப் பூட்டுள்ள அலமாரி ஒன்றும் தேவை. நம் உறுப்பினர்களில் மரக்கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். என் பதவிக்காலம் இன்றோடு முடிகிறது. செயலாளர் பொறுப்புக்கு யார் முன்வந்தாலும் மகிழ்ச்சியோடு மினிட் புத்தகத்தை ஒப்படைப்பேன். யாரும் வராவிட்டால், மாத வாசிப்பு தொடரும் என்று தீர்மானம் எழுதித் தந்தால் இன்னொரு வருஷம் பார்க்கிறேன். ரசீதுப் புத்தகம் வாசலில் பொருளாளரிடம் இருக்கிறது. 500 ரூபாய் நோட்டுக்கும் சில்லறை உண்டு.

இவண்,
செயலாளர்