பொயா தினக் கூட்டம்: தேவிமார் கதை

அக்காமாரே, தங்கச்சிமாரே,

வரும் பொயா தினம் (பௌர்ணமி விடுமுறை) பின்னேரம் 3 மணிக்கு ஹட்டனில் நமது வாசிப்புக் கூட்டம். இந்த முறை பிற நாட்டுத் தேவிமாரிடம் என்ன கற்கலாம் என்று பேசுவோம்.

நான் கிரேக்கரின் விளைச்சல் தேவி டிமீட்டரை எடுத்துக்கொள்கிறேன். மகள் பெர்செபனியைப் பாதாள அரசன் ஹேடீஸ் தூக்கிக்கொண்டு போகிறான். அவள் தகப்பன், தேவர்களின் அரசன் ஸியூஸும் அதற்கு உடந்தை. டிமீட்டர் அழுது தேடுகிறாள். அப்புறம் ஒரு விதையையும் முளைக்கவிடாமல் நிறுத்திவிடுகிறாள். பஞ்சம் வந்த பிறகுதான் ஸியூஸ் இறங்கி வருகிறான். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்க மறுத்து உட்கார்ந்த நம் அம்மாமாருக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஆனாலும் மாதுளை விதை தின்றதால், மகள் வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு பாதாளத்தில்தான். பேச்சுவார்த்தையில் அரைகுறையாகக் கிடைப்பதும் நமக்குப் பழகியதுதானே!

குகைக்குள் ஒளிந்த ஜப்பானியச் சூரியதேவி அமதெராசு, 1941இல் காமிக்ஸில் வந்த வீரநாயகி வொண்டர் வுமன் இருவரையும் இளையவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கிரேக்கரின் போர்த் தேவி அத்தீனாவை நான் எடுக்கமாட்டேன். ரோமக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதையில், கடல் தேவனின் வன்கொடுமையால் பாதிக்கப்பட்ட மெடூசா என்ற பெண்ணையே அல்லவா தண்டிக்கிறாள்!

மாரியம்மன் பற்றிப் பேச இன்னும் ஆள் இல்லை. விருப்பமானவர்கள் இன்றைக்கே பெயர் தாருங்கள். ஒருவருக்கு 10 நிமிடம். பிள்ளைகளையும் கூட்டி வரலாம், பிளேன்டீ உண்டு.