22 காரட் என்றால் இளப்பமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்க நாணய முதலீடு பற்றிய கட்டுரையில், 24 காரட்தான் உசத்தி என்று ஒரே போடாகப் போட்டிருந்தது சரியல்ல. தென்னாப்பிரிக்கா 1967 முதல் வெளியிடும் க்ரூகரேண்ட் என்ற தங்க நாணயம் செம்பு கலந்த 22 காரட்தான். ஆனால் அதன் மொத்த எடை 33.93 கிராம், செம்பைக் கழித்தாலும் ஒரு ட்ராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம் சுத்தத் தங்கம் முழுதாக இருக்கிறது. அந்தச் செம்பால்தான் நாணயம் சற்றுச் சிவந்து தெரிகிறது. கீறலும் எளிதில் விழாது. 99.99 சதவீதத் தூய்மையுள்ள கனடாவின் மேப்பிள் லீஃப் நாணயத்தை உறையைவிட்டு எடுக்கவே யோசிக்க வேண்டும்.

கட்டுரை தொடாமல் விட்டது கூடுதல் விலையை. நாணயம் சிறிதாகச் சிறிதாக, தங்கத்தின் மதிப்புக்கு மேல் கொடுக்கும் தொகையின் விகிதம் ஏறும். பெட்டியில் வரும் பளபளப்பான சேகரிப்பு நாணயங்களுக்கோ, விற்கும்போது பெரும்பாலும் எடைக்குத்தான் காசு.

– வாசகர் ஒருவர்