பின் சக்கரத்துக்கு எவ்வளவு காற்று

கிருஷ்ணகிரி
ஞாயிறு இரவு

அன்புள்ள குமாருக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நலம். நீ அனுப்பிய மூன்று போட்டோவும் வந்தது. கூடவே "டயர் மாத்தணும்பா, எது போடலாம்?" என்று ஒரு வரி. பொங்கலுக்கு அப்புறம் நீயாக அனுப்பிய முதல் செய்தி அதுதான். அந்த ஒரு வரியை அம்மா என்னை நான்கு தடவை வாசிக்கச் சொன்னாள். போனில் பதில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். நிதானமாக உட்கார்ந்து படி.

இங்கே செந்தூரா மாம்பழம் இறங்கிவிட்டது. பெங்களூரா இன்னும் பத்து பதினைந்து நாள் ஆகும். அம்மா ஊறுகாய்க்கு மாங்காய் வெட்டி இரண்டு ஜாடி போட்டு வைத்திருக்கிறாள். வீட்டில் இரண்டு பேருக்கு ஒரு ஜாடியே அதிகம். இன்னொன்று யாருக்கு என்று நான் கேட்கவில்லை. சரி, டயருக்கு வருகிறேன்.

முதல் போட்டோ முன் டயர். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் 1113 என்று இருக்கிறது பார். முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு எண் வருஷம். 2013-இல் பதினோராவது வாரம், அதாவது மார்ச் மாசம் செய்த டயர். வண்டியோடு வந்தது! ஓசூரில் வேலை பார்த்து, நீயே பணம் சேர்த்து, ஆடி பிறப்பதற்குள் எடுக்க வேண்டும் என்று ஓடி ஓடி எடுத்த என்ஃபீல்டு தண்டர்பேர்டு. என்னிடம் ஒரு ரூபாய் கேட்கவில்லை. பட்டறையில் இருந்த அத்தனை பேரிடமும் நான் அதைச் சொல்லித் தீர்த்தேன். அப்படிப்பட்ட வண்டிக்கு இத்தனை வருஷம் முன் டயர் மாற்றாமல் ஓட்டியிருக்கிறாயே. பட்டன், அதாவது டயர் மேலே இருக்கிற ரப்பர் கட்டை, தேயாமல் இருக்கிறதே என்று நினைத்திருப்பாய். பட்டன் இருக்கலாம், ரப்பர் செத்துவிட்டது. வெயிலும் காற்றும் பட்டுப் பட்டு உள்ளே இருக்கிற மசகு போய்விடும், கல் மாதிரி இறுகிவிடும். கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார். நகம் பதிந்து மெல்லத் திரும்ப வேண்டும். உன் டயரில் நகம்தான் வலிக்கும். பக்கச் சுவரில் ஏரி மண் வெடித்த மாதிரி கோடு கோடாகத் தெரிகிறது, போட்டோவிலேயே தெரிகிறது. காய்ந்த ரோட்டில் இந்த டயர் எதையும் காட்டிக்கொடுக்காது. மழை பெய்த முதல் பத்து நிமிஷத்தில், அதுவும் பிரேக் பிடிக்கிற நேரத்தில் காட்டும்.

இரண்டாவது போட்டோ பின் டயர், 0718. உன் கல்யாணத்துக்கு முன்னால் நம் பட்டறையில் நானே போட்டது. ஓட்டமெல்லாம் நெடுஞ்சாலையில்தான் என்று அது சொல்கிறது. நடுவில் மட்டும் தேய்ந்து சப்பையாகி, இரண்டு ஓரமும் கரை மாதிரி நிற்கிறது. வளைவில் வண்டியைச் சாய்த்தால் அந்தக் கரையில் ஏறி இறங்கும், திடுக்கென்று விழுகிற மாதிரி இருக்கும். உனக்கு இருந்திருக்கும், சொல்லியிருக்க மாட்டாய். பள்ளத்துக்குள் சின்னச் சின்ன மேடு இருக்கும், அதற்கு நேராகப் பக்கத்தில் டி.டபிள்யூ.ஐ. என்று போட்டிருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் கதை முடிந்தது. இரு சக்கர வண்டிக்கு 0.8 மில்லிமீட்டர்தான் சட்டப்படி கடைசி. நான் அதுவரை விடவே மாட்டேன். தொப்பூர் இறக்கத்தில் கவிழ்ந்த லாரிகளின் டயரைக் கையால் தடவிப் பார்த்தவன் நான்.

மூன்றாவது போட்டோவுக்கு அப்புறம் வருகிறேன்.

எது போடலாம் என்று கேட்டாய். முதலில், அளவை மாற்றாதே. முன்னால் 90/90-19, பின்னால் 120/80-18. பையன்கள் எல்லாம் பின்னால் 130, 140 என்று அகலமாகப் போடுகிறார்கள், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உன் ரிம் 120-க்குச் செய்தது. அகலமான டயரை அதில் போட்டால் ரிம் அதைக் கிள்ளிப் பிடிக்கும், டயரின் வடிவமே மாறி உருண்டையாகும், திருப்புவதற்கு வண்டி முரண்டு பிடிக்கும். 120-இல் 80 சதவீதம் என்றால் 96 மில்லிமீட்டர் உயரம். அந்த உயரத்துக்குத்தான் மட்கார்டும் செயினும் இடம் விட்டு வைத்திருக்கிறது. அளவுக்குப் பக்கத்தில் 62 பி (62P) என்று ஒன்று இருக்கும், அதையும் பார். 62 என்றால் அந்த ஒரு டயர் 265 கிலோ தாங்கும். பி என்றால் மணிக்கு 150 கிலோமீட்டர் வரை. அதற்குக் குறைவான எண் வேண்டாம். வண்டியே 190 கிலோ சொச்சம், அதன்மேல் நீ, உன் பை, இன்னும் எது எது ஏறுகிறதோ.

இரண்டாவது, டியூப்லெஸ் ஆசை வேண்டாம். உன் வீல் போக்ஸ் கம்பி வீல். ஒவ்வொரு கம்பியும் ரிம்மைத் துளைத்துக்கொண்டு போகிறது, அத்தனை ஓட்டையிலும் காற்று கசியும். பசை ஊற்றி அடைத்துத் தருகிறேன் என்று சொல்வார்கள், கேட்காதே. டியூப்லெஸ் ரிம்மில் உள்பக்கம் ஒரு மேடு உண்டு, காற்று இறங்கினாலும் டயர் நழுவி உள்ளே விழாமல் அது பிடித்துக்கொள்ளும். உன் ரிம்மில் அது கிடையாது. 2018-இல் வந்த தண்டர்பேர்டு எக்ஸுக்குத்தான் கம்பெனியே அலாய் வீலும் டியூப்லெஸ்ஸும் கொடுத்தது. உன் வண்டி அதற்கு முந்தையது. டியூப் போட்டே ஓட்டு. நல்ல டியூப் போடு. டயரோடு டியூபையும் மாற்று, உள்ளே இருக்கிற ரிம் டேப்பையும் மாற்று. பழைய டியூபைப் புது டயருக்குள் போடுவது எனக்கு ஆகவே ஆகாது.

கம்பெனி எது என்பதைக் கடைசியாகப் பார்த்தால் போதும். எம்.ஆர்.எஃப்., சியட் இரண்டுமே இந்த அளவில் செய்கிறார்கள். சின்ன வயதில் உனக்குச் சொல்வேனே, எம்.ஆர்.எஃப். 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்து ஆரம்பித்த கம்பெனி என்று. என்ஃபீல்டு வண்டியும் அதே திருவொற்றியூரில்தான் செய்ய ஆரம்பித்தார்கள். அந்த ஒட்டுதலோ என்னவோ, என் கை முதலில் அதற்குத்தான் போகும். ஆனால் ஒன்று. கெட்டி ரப்பர் நிறைய நாள் உழைக்கும், ஈரத்தில் கொஞ்சம் வழுக்கும். மெத்து ரப்பர் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு போகும், சீக்கிரம் தேயும். ஆனி ஆடியில் கோலாப்பூர், பெளகாவி பக்கமெல்லாம் மழை கொட்டும். புனேவிலிருந்து நீ போய் வருகிற வழி அது. ஆகவே முன்னால் மெத்தாக இருக்கட்டும், பிரேக் பிடித்தால் வண்டியைப் பெரும்பாலும் நிறுத்துவது முன் சக்கரம்தான். பின்னால் உழைக்கிற டயர் போடு. மண் ரோட்டுக்கான பெரிய பட்டன் டயர் உனக்கு எதற்கு? தார் ரோட்டில் அது இரைச்சல் போடும், சீக்கிரம் தீரும். இரண்டு டயரையும் ஒரே நாளில் மாற்று. ஒன்று இப்போது ஒன்று அப்புறம் என்று தள்ளாதே.

கடையில் டயரை எடுத்ததும் நான்கு எண்ணைப் பார். தேதி பார்க்காமல் வாங்காதே. தூசி படிந்து மேல் தட்டில் கிடக்கிறதைத் துடைத்துக் கொடுத்து நூறு ரூபாய் குறைப்பான். பார்க்க உனக்குத் தயக்கமாக இருந்தால் டார்ச் அடித்துப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, நான் பார்த்துச் சொல்கிறேன். எந்த நேரமானாலும் அனுப்பு. நான் தூங்கியிருந்தால் அம்மா எழுப்புவாள்.

பிப்ரவரியில் நீ பெங்களூர் வந்து போனாய் என்று பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான். அங்கிருந்து இங்கே 90 கிலோமீட்டர். நம் ஊரைத் தாண்டிப் போகிற அந்த 48-ஆம் நம்பர் ரோடு அப்படியே பெங்களூர், தாவணகெரே, ஹூப்ளி என்று நீ இருக்கிற புனேவுக்கு வருகிறது. ஒரே ரோடு. நீ எங்கும் திரும்பவே வேண்டாம். வேலை இருந்திருக்கும். அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

மூன்றாவது போட்டோவையும் அவளிடம் காட்டவில்லை. பக்கவாட்டிலிருந்து முழு வண்டியும் தெரிகிற மாதிரி எடுத்திருந்தாய். பேக்ரெஸ்ட் இல்லை. போல்ட் இருந்த ஓட்டையில் துரு ஏறியிருக்கிறது, ஆகக் கழற்றி நாளாகிறது. பின்னால் உட்காருபவர் கால் வைக்கிற கம்பி மடிந்து கிடக்கிறது, அதன் ரப்பரில் செயின் கிரீஸும் மண்ணும் அப்பியிருக்கிறது. யார் காலும் அதில் பட்டு மாசக் கணக்காகியிருக்கும். நான் டயரைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் முப்பத்தொரு வருஷம் வண்டிகளையே பார்த்த கண்.

குமார், உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ பாலக்கோட்டில் எல்.கே.ஜி. படித்தாயே, அந்த வருஷம். அங்கே ஆயாவுக்கு, உன் அம்மாவின் அம்மாவுக்கு, உடம்பு முடியவில்லை, பார்த்துக்கொள்ள அம்மா போனாள் என்றுதான் உனக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். ஆயா நன்றாகத்தான் இருந்தார். பட்டறைக்கு அச்சு வாங்க உன் அம்மாவின் வளையலை அவளிடம் கேட்காமல் அடகு வைத்தேன். அவள் கேட்டபோது, "உன் அப்பா போட்டதுதானே, அவரையே போய்க் கேள்" என்று சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். ஏழு மாசம்.

மூன்றாவது மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை யெஸ்டி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். உனக்குக் கமர்கட், அவளுக்கு இரண்டு முழம் மல்லி. காவேரிப்பட்டினம் தாண்டி, காரிமங்கலம் வரை போனேன். டீக்கடையில் நிறுத்தினேன். என் மாமனார் வாசலில் நின்று "வாங்க" என்று சொல்லாவிட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்ற ஒரே யோசனை. மூன்று டீ குடித்தேன். திரும்பி வந்துவிட்டேன். பூ டேங்க் மேலேயே வாடிப்போயிருந்தது. வாசலில் நம் வீட்டு ஆயா, என் அம்மா, நின்றார். பின் சக்கரம் பஞ்சர், அதனால் திரும்பிவிட்டேன் என்றேன். அவர் இறங்கி வந்து டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. ஒன்றும் பேசாமல் உள்ளே போனார்.

அப்புறம் நான் போகவே இல்லை. இன்னும் நான்கு மாசம் கழித்து ஆயாதான் பஸ் பிடித்துப் போய் உங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். நீ என்னைப் பார்த்ததும் அவர் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ஒளிந்துகொண்டாய். காரிமங்கலம் வரை வந்தேன் என்பது உன் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. இதை எழுதி முடித்ததும் அவளிடம் சொல்லப் போகிறேன். நாளைக்குக் காலையில் சொல்கிறேன்.

டயர் போடும்போது பக்கத்திலேயே நில். உள்ளே பவுடர் தடவச் சொல். டியூபைக் கொஞ்சம் காற்றடித்து உருட்டாக்கி உள்ளே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் டயரை நெம்புகிற லிவர் டியூபைக் கிள்ளிவிடும். டயரில் ஓடும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், அதைச் சரியாகப் பார். போக்ஸ் கம்பியைத் தட்டிப் பார்த்து வீல் பெண்டு எடுக்கச் சொல். பின் சக்கரத்தை மாட்டும்போது இரண்டு பக்கமும் செயின் அட்ஜஸ்டர் கோடு ஒரே இடத்தில் நிற்க வேண்டும். புது டயர் முதல் 150 கிலோமீட்டர் வழுவழு என்றுதான் இருக்கும், வளைவில் சாய்க்காதே, பிரேக்கை இழுத்துப் பிடிக்காதே. தேதி பார்த்து வாங்கு.

காற்று எவ்வளவு என்று வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் போட்டிருக்கும். ஒரு ஆளுக்கு ஒரு அளவு, இரண்டு ஆளுக்கு ஒரு அளவு. முன்னால் கொஞ்சம்தான் வித்தியாசம், பின்னால் கூட்டித்தான் வைக்க வேண்டும். நீ எதற்கு வைக்கப் போகிறாய் என்று எனக்கு எழுது. ஒரு ஆளா, இரண்டு ஆளா. ஒரு ஆள் என்றாலும் எழுது, நான் எதுவும் கேட்கவில்லை. மருமகள் எங்கே இருந்தாலும் அவளுக்கு ஊறுகாய் அனுப்ப விலாசம் மட்டும் கொடு. அம்மா ஜாடியைத் துணி போட்டுக் கட்டி வைத்துவிட்டாள்.

கழற்றின பேக்ரெஸ்டை எங்கே வைத்திருக்கிறாய்? நான்கு போல்ட்டும் ஒரு கவரில் போட்டு அதோடு கட்டி வை. தொலைத்துவிடாதே.

அப்பா