செத்த ஆட்டின் தோல்

அன்புள்ள முருகேசா,

கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும் நிம்மதி அடைந்தேன். பணி ஓய்வு பெற்ற பிறகும் அடுத்தவர் கணக்கைப் புரட்டும் பழக்கம் என்னை விடவில்லை. இப்போது நான் படித்துக்கொண்டிருப்பது 13, 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மடாலயப் பண்ணைக் கணக்குகளை.

மடம் குத்தகைக்கு விடாமல் தானே பயிரிட்ட நிலத்தைப் பெரும்பாலும் அவ்வூர்க் குடியானவர் ஒருவரே மணியக்காரராக இருந்து கவனித்தார். கணக்காண்டு செப்டம்பர் 29இல் வரும் அதிதூதர் மிக்கேல் திருநாளோடு முடியும். எழுதப் படிக்கத் தெரியாத மணியக்காரர், குச்சியில் வெட்டிய கோடுகளையும் தன் நினைவையும் துணைகொண்டு சொல்லச் சொல்ல, எழுத்தர் அதை லத்தீனில் தோல்சுருளில் எழுதுவார். முன்பக்கத்தில் பண வரவு செலவு இருக்கும். பின்பக்கத்தில் தானியமும் கால்நடையும்.

என்னைக் கவர்ந்தது பின்பக்கமே. ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த ஆடுகள், பிறந்தவை, விற்றவை, நோயில் செத்தவை, மீதி என எல்லாம் தலைக்குத் தலை நேராக வேண்டும். செத்த ஆடும் அத்துடன் கணக்கைவிட்டுப் போய்விடாது. அதன் தோல் வேறோர் இடத்தில் வரவாக ஏறும். (அந்தச் சுருளே பெரும்பாலும் ஆட்டுத்தோல்தான்!) தானியம் எதிர்பார்த்த அளவுக்குக் குறைந்தால், குறைந்ததைக் 'கணக்கின்மேல் விற்றது' என்று எழுதி, விற்காத கோதுமையின் விலையை மணியக்காரர் தலையில் கட்டிவிடுவார்கள். தணிக்கையாளனாக இருந்த எனக்கே இது கொடுமையாகத் தோன்றுகிறது. விதைத்ததைப்போல் மூன்று மடங்கு விளைந்தாலும், தானியம் நல்ல விலைக்குப் போகாவிட்டால் ஆதாயமே இல்லை என்று ஹென்லியின் வால்டர் என்ற அக்கால ஆங்கிலேயர் தம் வேளாண்மை நூலில் எழுதினார். மூன்று மடங்கு என்றால், பண்ணை நடத்தும் உனக்கு இவ்வளவுதானா என்று சிரிப்பு வரும். அந்த மண்ணில் அதையொட்டித்தான் அவர்கள் பேச்சே இருந்தது.

நிலம் லாபம் தந்ததா என்பதைவிட, இந்த மனிதர் மடத்துக்கு எவ்வளவு தரவேண்டும் என்பதே அக்கணக்கின் கேள்வி. ஆனால் நார்விச் பேராலய மடத்துத் துறவிகள் இதோடு நிற்காமல், ஒவ்வொரு பண்ணையின் லாபத்தையும் தனியே கணக்கிட்டு எழுதி வைத்தார்கள். 1349இன் கொள்ளைநோய்க்குப் பிறகு ஆளும் கூலியும் கட்டுப்படியாகாமல், அந்நூற்றாண்டின் இறுதிக்குள் பல மடங்கள் பண்ணைகளைக் குத்தகைக்கு விடத் தொடங்கின.

பொங்கலுக்கு வரும்போது உன் பண்ணை நோட்டைப் பார்க்க வேண்டும். போன ஆண்டு செத்துப்போனதாக நீ எழுதிய இரண்டு ஆடுகளின் தோலைக் கேட்பேன்.

அன்புடன்,
சிவராமன்