கீஹாமில் குண்டை அகற்ற வந்த அந்தத் தம்பிக்கு

இங்கிலாந்தின் பிளிமத் நகரில், கீஹாம் பகுதியில், 2024 பிப்ரவரியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜெர்மன் குண்டு கிடைத்தது. எடை 500 கிலோ. தகவல் போலீசுக்குத்தான் போனது. ஆனால் பிரிட்டனில் லண்டன் மாநகரப் போலீசிடம் இருப்பதைப் போல மற்றப் போலீசாரிடம் குண்டை அகற்றவென்று சொந்த ஆட்கள் கிடையாது; ராணுவத்தைத்தான் கூப்பிட வேண்டும். தரைப்படையும் கடற்படையும் வந்தன.

அவர்களில் பெயர் தெரியாத ஓர் இளைஞருக்குத்தான் இந்த நன்றி. வீட்டை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்த என் அம்மாவிடம் அவர் அவசரமே காட்டவில்லை. குண்டு ஏன் ஆபத்து, எவ்வளவு தூரம் தள்ளிப் போக வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா தலையாட்டினார். அப்புறம் மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டு தானே கிளம்பிவிட்டார்.

பிப்ரவரி 23 அன்று, குடியிருப்புகள் நடுவே டார்பாயிண்ட் படகுத்துறைவரை குண்டை ராணுவ வண்டியில் கொண்டுபோனார்கள். பாதையின் இருபுறமும் 300 மீட்டருக்கு ஆட்களை வெளியேற்றினார்கள், பத்தாயிரம் பேருக்கும் மேல். எங்களுக்கு அந்த 300 மீட்டர் இருந்தது. வண்டியோடு போனவர்களுக்கு? அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. பிறகு கடலில் வைத்து வெடிக்கச் செய்தார்கள்.

தம்பி, நீங்களும் உங்கள் குழுவினரும் நன்றாக இருக்க வேண்டும். அம்மாவும் இதைத்தான் சொல்லச் சொன்னார்.