கமக்காரர் அமைப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு நிர்வாகக்குழு ஒன்பது தடவை கூடியது. இரண்டு கூட்டங்களுக்கு ஆள் சேரவில்லை. அறுவடை நாளில் கூட்டம் வைத்தது என் பிழை. வாய்க்கால் துப்புரவு முடிந்தது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இவ்வாண்டு பதினொரு தோட்டங்கள் மண்ணெண்ணெய் மிசினை விட்டுச் சோலார் பம்பிக்கு மாறின. பூமி சூடாவதைத் தடுக்க மாறினோம் என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். 2022 ஆகஸ்டில் 87 ரூபா மண்ணெண்ணெய் ஒரேயடியாக 340 ஆனதே, கச்சானுக்கு இறைத்தவர்கள் அன்றைக்கே யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஆடிக் கூட்டத்தில் ஒரு ஐயா கேட்டார்: "தம்பி, மிசின் சூடு, வாகனச் சூடு, அடுப்புச் சூடு எல்லாம் சேர்ந்துதானே உலகம் கொதிக்குது?" பலருக்கும் இதே எண்ணம். அந்த நேர்ச்சூடு, நாம் வானத்தில் சேர்த்த வாயுக்கள் பிடித்து வைக்கும் வெப்பத்தில் நூறில் ஒரு பங்களவுதான். மிசினை நிறுத்தினால் அதன் சூடு ஆறிவிடும். அது விட்ட காபனீரொட்சைட்டோ நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். குளத்துக்கு வரத்து மாறாமலிருக்கும்போது துருசுக் கதவைக் கொஞ்சம் இறக்கினால் மட்டம் ஏறுமல்லவா, அதே கதைதான்: வெயில் அதே வெயில், வெளியேறும் சூடு குறைகிறது. கைத்தொழிற் காலத்துக்கு முன் காற்றில் பத்து இலட்சத்துக்கு 280 பங்காக இருந்த அந்த வாயு இன்று 420க்கும் மேல்.

அன்று மேசையில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய்ப் போத்தல் இருந்தது. எண்ணெயின் நிறை 800 கிராம். எரித்தால் வரும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. ஒருவரும் நம்பவில்லை. எரியும்போது எண்ணெயின் காபன் காற்றிலுள்ள ஒட்சிசனையும் சேர்த்துக்கொள்வதால் நிறை கூடுகிறது என்றேன். "எண்ணெய்க் கடைக்காரனுக்கு இதைச் சொல்லிப்போடாதே, அதுக்கும் காசு கேப்பான்" என்றார் ஐயா.

இலங்கையில் ஆளுக்கு வருடம் ஏறத்தாழ ஒரு தொன் காபனீரொட்சைட்டு என்கிறார்கள். அமெரிக்காவில் அது பதினான்கு தொன் அளவில். போத்தல் விளக்கில் படித்து வளர்ந்த எங்கள் பங்கை நீங்களே நிறுத்துப் பாருங்கள்.

இருந்தாலும் ஒன்று சொல்லவேண்டும். பகலில் சோலாரில் இறைத்துவிட்டு இரவில் கரன்ட் மோட்டரைப் போடுபவர்கள், நுரைச்சோலை மின்நிலையத்தின் நிலக்கரியிலும்தான் இறைக்கிறார்கள். மன்னாரில் 30 காற்றாடிகள் சுற்றினாலும் அவை 100 மெகாவாட் அளவுதான், நுரைச்சோலை 900.

குறைகள்: மாரி மப்பில் பம்பி மூச்சு வாங்குகிறது. குரங்கு குதித்து ஒரு தகடு உடைந்தது. விற்றவர்கள் தொலைபேசியை எடுப்பதில்லை.

பழைய மிசின்கள் ஆறு களஞ்சியத்தில் கிடக்கின்றன. விற்பதா, மாரிக்கு வைத்திருப்பதா என்பதை இன்று நீங்கள் தீர்மானித்துத் தரவேண்டும்.

செயலாளர்